அண்ணனுக்கு அடையாளம் தெரியாத வண்டி

என் பெயரும் முகவரியும் இந்தத் தாளின் மேல்பகுதியில் எழுதப்பட்டிருக்கின்றன. வாசித்தேன், பிழையில்லை. வயது முப்பத்தொன்று. மூக்குக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. அம்மாவோடு வசிக்கிறேன். புகார் கொடுத்திருப்பவர் என் உடன்பிறந்த அண்ணன், வயது முப்பத்தைந்து, சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. எங்களுக்குள் முன்விரோதம் எதுவும் கிடையாது.

புகார் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அண்ணனுக்குச் சொந்தமான சிவப்பு நிற ரேஸ் வண்டியை, பட்டறை நடத்தும் டேப்பக்கா என்பவர் தங்கையை ஏமாற்றிக் கழற்றி விற்றுவிட்டார் என்பது புகார். வண்டி கழற்றப்பட்டது உண்மை. விற்கப்படவில்லை. இப்போது சிவப்பாகவும் இல்லை. இன்று பதினொன்றரை மணிக்கு இந்தக் காவல் நிலையத்துக்கு நான் அதில்தான் வந்தேன்.

வெளியே பெஞ்சில் பத்து மணியிலிருந்து உட்காரவைக்கப்பட்டிருக்கும் டேப்பக்கா எந்தத் தப்பும் செய்யவில்லை என்பதை முதலிலேயே எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். அவர் பட்டறையில் இன்னொருவருடைய வண்டி முன்சக்கரம் இல்லாமல் நிற்கிறது. எல்லாம் வரிசைப்படி வரட்டும், அப்போது எழுதலாம் என்று அதிகாரி சொன்னார். சொல்கிறேன்.

மூன்றரை வருடங்களுக்கு முன் அண்ணன் கப்பலுக்குப் புறப்பட்ட அன்று காலையில் வண்டியைத் துடைத்து, கொட்டகையில் நிறுத்தி, கவர் போட்டு, சாவியை என்னிடம் கொடுத்தார். "வாரத்துக்கு ஒரு தடவை ஸ்டார்ட் பண்ணி அஞ்சு நிமிஷம் ஓடவிடு. ஓட்டக் கூடாது. புரியுதா?" என்றார். புரிந்தது என்றேன்.

அதன் பிறகு எட்டு மாதம் அப்படியே செய்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஐந்து நிமிடம். அண்ணன் தானே வாங்கி மாட்டியிருந்த சைலன்சர், தெரு முழுக்கக் கேட்கும். எதிர்வீட்டு ஆசிரியர் ஜன்னலைச் சாத்துவார். ஐந்தாவது நிமிடம் திறப்பார்.

அதன் பிறகு நான் வேலைக்குப் போகும் பேருந்து நிறுத்தப்பட்டது. கடை முப்பத்தெட்டு கிலோமீட்டர். இரண்டு பேருந்து மாறி நின்றுகொண்டே போய்ப் பார்த்தேன், ஒரு மாதம். கண் பரிசோதிக்கிற வேலைக்குக் கை நடுங்கக் கூடாது. நடுங்கியது. உரிமம் என்னிடம் இருந்தது, கல்லூரியில் படித்தபோதே எடுத்தது. ஒரு திங்கட்கிழமை வண்டியை வெளியே தள்ளினேன். அம்மா வாசலில் நின்றுகொண்டு, "அவன் ஓட்டக் கூடாதுன்னு சொன்னானே" என்றார். பிறகு, "மெதுவாப் போ" என்றார்.

அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஆறு அடி உயரமுள்ள ஒருவர் குனிந்து படுத்து வேகமாகப் போவதற்கென்று செய்த வண்டி அது. நான் ஐந்து அடி ஒன்று. நிறுத்தினால் கால் நுனிதான் தரையைத் தொடும். பிரேக்கைப் பிடிக்க விரல் எட்டாது; கையைப் பிடியிலிருந்து பாதி கழற்ற வேண்டும். கடைக்குப் போய்ச் சேர்ந்ததும் பத்து நிமிடம் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இரண்டாவது வாரத்தில் கண்ணாடிக்கு அளவெடுக்க வந்த ஒரு பெண் இதைப் பார்த்தார். நெருங்கிப் பார்த்தால் கழுத்தில், சங்கிலி மாதிரி, தையல்காரர்கள் வைத்திருக்கும் அளவு நாடா. "ரேஸ் வண்டியா? யார் வண்டியைம்மா ஓட்டிட்டு அலையறே?" என்றார். அவர்தான் டேப்பக்கா. நாடாவை எப்போதும் கழுத்தில் போட்டிருப்பதால் அந்தப் பெயர். உண்மைப் பெயரை இன்று இந்த நிலையத்தில்தான் முதன்முறையாகக் கேட்டேன்.

அந்த வாரமே அவருடைய பட்டறைக்குப் போனேன். அங்கே ஒரு வழக்கம் உண்டு. வண்டியைத் தாங்கியில் நிமிர்த்தி நிறுத்தி, ஓட்டுகிறவரை ஏற்றி, ஓட்டும் நிலையிலேயே ஒரு மணி நேரம் உட்காரவைப்பார். எஞ்சின் ஓடாது. இறங்கக் கூடாது. எது முதலில் வலிக்கிறதோ அதுதான் முதல் வேலை. அதற்குமுன் எந்தப் பாகத்துக்கும் விலை சொல்லமாட்டார், எடுத்துக் காட்டவும் மாட்டார். "இருபது நிமிஷம் வரைக்கும் உடம்பு கௌரவம் பாக்கும். அதுக்கப்புறம்தான் வாயைத் தொறக்கும்" என்றார்.

புத்தகம் வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன்.

"ஏன், ஓட்டும்போது படிப்பியா?"

வைத்துக்கொள்ளவில்லை.

என் மணிக்கட்டு பதினோராவது நிமிடம். கழுத்து இருபதில். அதன் பிறகு இடுப்பு, அதன் பிறகு கெண்டைக்கால். அவர் சுவரில் கரியால் எழுதிக்கொண்டே வந்தார். ஐம்பதாவது நிமிடத்தில் எதுவும் புதிதாக வலிக்கவில்லை, ஆனால் எரிச்சலாக வந்தது. அதையும் சொன்னேன். எதிர்ச்சுவரில் ஒரு பழைய நிலைக்கண்ணாடி சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதில் நான் தெரிந்தேன், சிவப்பு வண்டியோடு. டேப்பக்கா என் பின்னால் வந்து நின்றார். நானும் அவருமாகக் கொஞ்ச நேரம் அதைப் பார்த்தோம். "கலர் உன்னோடது இல்ல" என்றார். அதையும் சுவரில் எழுதினார்.

செய்யப்பட்ட மாற்றங்களைச் சொல்லும்படி கேட்கப்பட்டபோது சொல்வதாவது:

ஹேண்டில் இரண்டு அங்குலம் உயர்த்தப்பட்டு, ஓட்டுகிறவர் பக்கமாக இழுக்கப்பட்டது. பிரேக், கிளட்ச் இரண்டுக்கும் சின்ன விரலுக்கு ஏற்றபடி நெருக்கிக்கொள்ளும் லீவர்கள். வண்டியின் பின்பக்கம் மூன்று சென்டிமீட்டர் இறக்கப்பட்டது, முன்பக்கமும் அதற்கு ஈடாக. இப்போது என் இரண்டு குதிகாலும் தரையில் படும். முதன்முறை பட்ட அன்று சிக்னலில் பச்சை விழுந்த பிறகும் நின்றுகொண்டிருந்தேன். முன்கண்ணாடி உயரமானது, காற்று முன்பு நெஞ்சில் மோதும், இப்போது தலைக்கு மேலே போகிறது. சீட்டுக்குள் ஜெல் பட்டை. அண்ணன் மாட்டிய சைலன்சருக்குப் பதிலாகச் சத்தம் குறைந்த ஒன்று. இதையெல்லாம் ஒரே நாளில் செய்யவில்லை. வலித்த வரிசையில், ஒன்றரை வருடத்தில்.

அம்மாவுக்காகச் செய்தது தனி. முழங்கால் பயிற்சிக்கு அவரை வாரம் இரண்டு முறை அழைத்துப்போக வேண்டும். வண்டியின் பழைய பின்சீட்டு ஒரு துண்டு ரொட்டி அளவு, கூரை உயரத்தில். முதல் தடவை ஏறி உட்கார்ந்து, "பரண்மேல ஏத்திவெச்ச அண்டா மாதிரி இருக்கேன், இறக்கி விடுடி" என்றார். டேப்பக்கா அவரையும் ஒரு மணி நேரம் உட்காரவைத்தார். அம்மா அந்த ஒரு மணி நேரமும் பேசிக்கொண்டே இருந்ததால் எங்கே வலித்தது என்று கடைசிவரை தெரியவில்லை. இரண்டாவது தடவை வாயில் மிட்டாய் கொடுத்து உட்காரவைக்க வேண்டியிருந்தது. அதன் பிறகு அகலமான மெத்தை, தாழ்வான கால்மிதி, முதுகுக்குச் சாய்மானம், இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி. அம்மா இப்போது அதில் தூங்கிவிடுகிறார். தூங்கினால் என் முதுகில் ஹெல்மெட் இடிக்கும். அப்போது வேகத்தைக் குறைப்பேன்.

நிறத்தை மாற்றிய காரணம் கேட்கப்பட்டது. சிவப்பாக இருந்தபோது ஒவ்வொரு சிக்னலிலும் பக்கத்தில் நிற்பவர் வண்டியைப் பார்ப்பார், பிறகு என்னைப் பார்ப்பார், பிறகு "யாரோட வண்டி?" என்பார். வண்டி நன்றாக இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை. யாருடையது என்றுதான் கேட்டார்கள். மழைக்கு முந்தின வானத்தின் சாம்பல் நிறத்தில் வினைல் தாள் ஒட்டினோம். கேள்வி நின்றது. நிறம் மாற்றியதைப் பதிவு அலுவலகத்தில் தெரிவித்திருக்க வேண்டும் என்று அதிகாரி சுட்டிக்காட்டினார். தெரிவிக்கவில்லை. அந்தத் தவறை ஒப்புக்கொள்கிறேன், இந்த வாரமே போய் எழுதிக்கொடுக்கிறேன்.

இரண்டு சக்கரங்களின் விளிம்பிலும் மெல்லிய மஞ்சள் கோடு ஒன்று ஓடுகிறது. அதற்கும் காரணம் கேட்கப்பட்டது. அதற்குக் காரணம் இல்லை. வலிக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. பிடித்திருந்தது. அப்படியே எழுதிக்கொள்ளும்படி கேட்டேன். அதிகாரி யோசித்துவிட்டு எழுத்தரிடம் தலையசைத்தார்.

டேப்பக்கா எந்த வண்டியிலும் எதையும் வெட்டமாட்டார், துளை போடமாட்டார். "மாட்டுறது, கழட்டுறது. அவ்வளவுதான் நம்ம வேலை. நாளைக்கு மனசு மாறினா வண்டி பழையபடி எழுந்து வரணும்." கழற்றிய ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றி, துண்டுச்சீட்டு எழுதிக் கட்டிக் கொடுப்பார். சீட்டில் பாகத்தின் பெயர், கழற்றிய தேதி, பட்டறை முத்திரை. வண்டியின் உடலை மூடும் சிவப்பு உறைகளுக்கும் அப்படித்தான்: வண்டியில் இருந்தவற்றைக் கழற்றிச் சுற்றிவைத்துவிட்டு, வெளியில் வாங்கிய வேறு உறைகளின்மேல்தான் சாம்பல் தாள் ஒட்டினோம். எல்லாம் நான்கு அட்டைப்பெட்டிகள். கொட்டகையில் ஈரம் என்பதால் அண்ணனுடைய கட்டிலடியில் வைத்தேன். திருடுகிறவர்கள் சொந்தக்காரரின் கட்டிலடியில் கொண்டுவந்து வைப்பதில்லை என்று சொன்னேன். அதை எழுத வேண்டாம் என்றார் அதிகாரி. பிறகு எழுதச் சொன்னார்.

அண்ணனுக்கு ஏன் தெரிவிக்கவில்லை என்று கேட்கப்பட்டது.

கப்பல் கரை சேரும்போது அழைப்பார். லைன் விட்டுவிட்டுக் கேட்கும். முதல் கேள்வி எப்போதும் வண்டியைப் பற்றித்தான்.

"வாரா வாரம் ஸ்டார்ட் பண்றியா?"

"தினமும் பண்றேண்ணா."

"தினமும் எதுக்கு? பேட்டரி வீணாப் போகும்."

"வீணாப் போகல."

நான் ஒருமுறைகூடப் பொய் சொன்னதில்லை. நான் ஓட்டத் தொடங்கியதிலிருந்து இப்படியே போயிற்று. "அவன் வரட்டும், நான் சொல்லிக்கறேன்" என்று அம்மா சொல்லியிருந்தார். அவரும் போனில் சொல்லவில்லை.

போன மாதம் அண்ணன் வரும் தேதியைச் சொன்னார். வருகிற செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின சனி, ஞாயிறு இரண்டு நாளும் டேப்பக்கா எனக்காக ஒதுக்கிவைத்தார். எல்லாவற்றையும் கழற்றி, பழையபடி சிவப்பாக, உயரமாக, சத்தமாக நிறுத்திவிடுவது என்று முடிவு. நான்தான் அப்படிக் கேட்டேன். சரியென்று சொல்லிவிட்டு, அவர் கழுத்து நாடாவை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார். அந்த வாரம் முழுக்க நான் வேலை முடிந்து வீட்டுக்கு நேர் வழியில் வரவில்லை. ஏரிக்கரைப் பக்கமாகச் சுற்றி வந்தேன். பதினான்கு கிலோமீட்டர் அதிகம்.

அண்ணன் ஆறு நாள் முன்னதாக வந்துவிட்டார்.

நேற்று மாலை ஐந்து மணி சுமாருக்கு, கடையில் நான் கடைசி ஆளுக்குப் பரிசோதனை முடித்தபோது, அழைப்பு வந்தது. "பஸ் ஸ்டாண்டுல நிக்கறேன். வந்து கூட்டிட்டுப் போ" என்றார். அம்மா சித்தியின் அறுவை சிகிச்சைக்குத் துணையாக வேறு ஊரில் இருக்கிறார். கடையிலிருந்து பேருந்து நிலையம் பத்து நிமிடம். என்னிடம் இருந்தது அந்த வண்டிதான். போனேன். பின்பக்கம் சுவரைப் பார்க்கும்படி நிறுத்தினேன்.

அண்ணன் மெலிந்திருந்தார். முகத்தில் உப்புக்காற்றின் கறுப்பு. என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு வண்டியைப் பார்த்தார். அவர் கண்ணில் குறை எதுவும் இல்லை; புறப்படுவதற்கு முன் நானே பரிசோதித்திருக்கிறேன்.

"ஏய், நீயா இதை ஓட்டிட்டு வந்தே?"

"இதுலதான் கடைக்குப் போயிட்டு வரேன்."

"என்னோட வண்டி மாடல் மாதிரியே இருக்கு."

"அதே மாடல்தான்."

அவர் குனிந்து லீவரை அழுத்திப் பார்த்தார். சக்கரத்தின் மஞ்சள் கோட்டை விரலால் தொட்டார். "நல்லாப் பண்ணியிருக்காங்க. எங்க பண்ணினது?" என்றார். டேப்பக்கா என்று ஒருவர் என்றேன். அவருடைய பையைப் பின்னால் நானே கட்டினேன். எண் பலகை பைக்குப் பின்னால் மறைந்தது. அது தற்செயல் என்று என்னால் சொல்ல முடியாது.

அம்மாவின் ஹெல்மெட்டைக் கொடுத்தேன். கத்தரிப்பூ நிறம். அவருக்குப் பாதித் தலைதான் நுழைந்தது. பின்சீட்டில் ஏறி உட்கார்ந்து, சாய்ந்து, கைகளைக் கம்பிகளில் வைத்துக்கொண்டார். கொஞ்ச தூரம் போனதும் என் தோளைத் தட்டி, "என்னடி, சோஃபா மாதிரி இருக்கு. என்னோடதுல பின்னாடி உட்கார்ந்தா முதுகெலும்பை எண்ணிடலாம்" என்றார். பிறகு, "என் வண்டி எங்க இருக்கு?" என்றார்.

"வீட்டுல பத்திரமா இருக்கு" என்றேன்.

அந்தப் பதில் அப்போது உண்மையில்லை. சுமார் ஐம்பது நிமிடம் கழித்து உண்மையாயிற்று.

வழியில் ஒரு லாரி குறுக்கே நின்றது. ஹாரன் அடித்தால் நகர்ந்திருக்கும். நான் அடிக்கவில்லை. வண்டியில் மாற்றாமல் விட்ட சில பொருள்களில் ஹாரனும் ஒன்று. அதன் குரல் அண்ணனுக்குத் தெரியும். லாரி தானாக நகரும்வரை காத்திருந்தோம். "பொறுமைசாலி ஆயிட்டே" என்றார் அண்ணன்.

வீடு வந்ததும் அவர் குளிக்கப் போனார். அந்த நேரத்தில் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திக் கவர் போட்டேன். அதன் பிறகு அவர் துண்டோடு வந்து கொட்டகை வாசலில் நின்றார். கவரைத் தூக்கிவிடுவார் என்று நினைத்தேன். மேலே ஒரு தட்டு தட்டி, "நாளைக்குப் பேசிக்கலாம்டா" என்றார், வண்டியிடம். நாங்கள் வந்த வண்டி எங்கே என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். உறுதியாகச் சொல்ல முடியாது. மூன்று நாள் பயணம் செய்தவர், விளக்கு வைக்கும் முன்பே தூங்கிவிட்டார்.

இன்று காலை அவர் எழுவதற்குள் ஏழே முக்காலுக்கு வேலைக்குப் புறப்பட்டேன். மாலையில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். கவரை மடித்துக் கொட்டகை அலமாரியில் வைத்தேன்.

அதன் பிறகு நடந்தவை எனக்குப் பின்னால் தெரியவந்தவை. அண்ணன் எட்டரைக்கு எழுந்து, வண்டி ஓட்டலாம் என்று கையுறையைத் தேடிக் கட்டிலடியில் குனிந்திருக்கிறார். நான்கு பெட்டிகள். தன் வண்டியின் சிவப்பு உறை, சைலன்சர், ஹேண்டில், பின்சீட்டு, எல்லாம் துணி சுற்றி. ஒவ்வொன்றிலும் டேப்பக்காவின் முத்திரை. கொட்டகைக்கு ஓடியிருக்கிறார், அங்கே கவர் மட்டும். முந்தின நாள் தட்டிக்கொடுத்தது தன் வண்டியே இல்லை, தன் வண்டியை உரித்துச் சரக்கை யாருக்கோ விற்றுவிட்டார்கள், தோல்தான் மிச்சம் என்று முடிவு செய்திருக்கிறார். என்னை ஒன்பது தடவை அழைத்திருக்கிறார். பரிசோதனை அறையில் கைபேசி வைத்துக்கொள்வதில்லை. அதன் பிறகு முத்திரை போட்ட ஒரு துண்டுச்சீட்டை எடுத்துக்கொண்டு நேரே இங்கே வந்திருக்கிறார்.

புகாரில் என் பெயர் "தங்கை" என்று மட்டும்தான் வருகிறது, அதுவும் ஏமாற்றப்பட்டவளாக. என்மேல் சந்தேகம் என்று ஒரு வார்த்தை இல்லை. அதை நான் கவனித்தேன்.

நிலையத்திலிருந்து கடைத் தொலைபேசிக்கு அழைப்பு வந்ததும் புறப்பட்டு வந்தேன். வாசல்படியில் அண்ணன் நின்றிருந்தார். நான் வண்டியை அவருக்கு நான்கு அடி தூரத்தில் நிறுத்தினேன். "வந்துட்டியா. என் வண்டி போச்சுடி" என்றார். கண் சிவந்திருந்தது. பெஞ்சிலிருந்து டேப்பக்கா, "தம்பி, எங்கயும் போகலன்னுதான் காலையிலேர்ந்து நானும் சொல்றேன். முன்னாடி நிக்குது பாருங்க" என்றார்.

அதிகாரி பதிவுப் புத்தகத்தோடு வெளியே வந்து குனிந்து சேஸிஸ் எண்ணைப் படித்தார். எழுத்தர் புத்தகத்திலிருந்து படித்தார். பதினேழு எழுத்து. கடைசி நான்கை அண்ணன் தானே சொன்னார், பார்க்காமல். வண்டியை ஒரு சுற்று வந்தார். இன்னொரு சுற்று. பிறகு டேங்கின் மேல் கை வைத்து, "என் மின்னல் எங்க?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லுமுன் வாக்குமூலத்துக்காக உள்ளே அழைக்கப்பட்டேன்.

அது ஒரு ஸ்டிக்கர். மஞ்சள் மின்னல், இருபத்திரண்டு வயதில் அண்ணன் முதல் சம்பளத்துக்கு அடுத்த நாள் ஒட்டியது. இந்த வண்டிக்கு முந்தின பழைய வண்டியில் இருந்ததை உரித்துக் கொண்டுவந்து இதில் ஒட்டினார். கோணலாக, உள்ளே காற்றுக்குமிழ்களோடு. மற்ற எல்லாவற்றையும் பழையபடி மாட்டிவிடலாம். டேங்குக்கு மட்டும் மாற்று கிடைக்காததால் அதன்மேலேயே தாள் ஒட்ட வேண்டியிருந்தது, ஸ்டிக்கரை உரித்தாக வேண்டும். முடி உலர்த்தும் கருவியால் சூடுகாட்டி நானே உரித்தேன். டேப்பக்கா உரிக்க மறுத்துவிட்டார். இரண்டு மணி நேரம் ஆயிற்று. மூன்று துண்டாகக் கிழிந்தது. பெட்டிகளில் இல்லாத ஒரே பொருள் அதுதான்.

இந்த இடத்தில் எழுத்தரின் பேனா மை தீர்ந்துபோனதால் பதிவு நிறுத்தப்பட்டது. அதிகாரியின் அனுமதியோடு நான் வெளியே போனேன். அண்ணனுக்கு முன்னால் சாவியைப் போட்டு, முன்சீட்டைத் தூக்கிக் காட்டினேன். சீட்டின் அடிப்புறத்தில் மூன்று துண்டையும் சேர்த்து ஒட்டிவைத்திருக்கிறேன். சீட்டை மூடினால் வெளியில் தெரியாது.

அண்ணன் குனிந்து பார்த்தார்.

"கோணலா ஒட்டியிருக்கே."

"அப்படித்தானே இருந்துச்சு."

"குமிழி?"

"அதுக்கு நான் எங்க போக?"

அவர் சிரிக்கவில்லை. ஆனால் சீட்டை அவரே மூடினார், இரண்டு கையாலும் அழுத்தி. பிறகு காலைத் தூக்கிப்போட்டு ஓட்டும் சீட்டில் உட்கார்ந்தார். முழங்கால் இரண்டும் ஹேண்டில்வரை வந்தது. மூன்று சக்கர சைக்கிளில் பெரியவர் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வாசலில் நின்ற காவலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பழையபடி மாத்தணும்னா சனிக்கிழமை வேலை இருக்கு, நாள் குறிச்சாச்சு" என்று டேப்பக்கா பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். "உங்க வண்டி, நீங்க சொல்றதுதான். ஆனா என் பட்டறையில ஒரு வழக்கம் இருக்கு தம்பி. ஒரு மணி நேரம் உட்காருங்க. இறங்கக் கூடாது. எங்க முதல்ல வலிக்குதுன்னு சொல்லுங்க."

"ஸ்டேஷன் வாசல்லயா?"

"எந்த வாசலா இருந்தா என்ன, வலி ஒண்ணுதானே."

அண்ணன் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "பன்னெண்டு இருபது" என்றார்.

அதன் பிறகு நான் உள்ளே வந்ததும், புதுப் பேனாவில், மேலே உள்ள கடைசிப் பகுதி எழுதப்பட்டது. இந்த அறையின் ஜன்னலிலிருந்து அவர் முதுகு தெரிகிறது. பதினைந்து நிமிடம்வரை அசையவில்லை. அதன் பிறகு ஒரு முழங்காலை வெளியே நீட்டினார். டேப்பக்கா கரி இல்லாததால் படிக்கட்டில் சின்னக் கற்களை அடுக்குகிறார், ஒரு வலிக்கு ஒரு கல். இதற்கிடையில் அம்மா அழைத்தார். நடந்ததைச் சொன்னேன். "நல்லா வேணும் உனக்கு, சொல்லு சொல்லுன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன்" என்றார். அவர் அப்படி ஒருமுறைகூடச் சொன்னதில்லை. வைக்கும்முன், "அவன் என்ன வேணா கழட்டட்டும், என் சீட்டைத் தொடக் கூடாதுன்னு சொல்லு" என்றார்.

வண்டி சட்டப்படி யாருடையது என்று கேட்கப்பட்டது. அண்ணனுடையது. பதிவும் சாவியும் அவருக்குரியவை. அவர் சிவப்பாக வேண்டும் என்றால் சனிக்கிழமை சிவப்பாகும். நானே ஓட்டிக்கொண்டுபோய் நிறுத்துவேன். பிறகு பேருந்தில் வருவேன். இதில் எனக்கு ஆட்சேபம் உண்டா என்று அதிகாரி கேட்டார். கேள்வி இன்னொரு தடவை கேட்கப்பட்டது. உண்டு என்று சொன்னேன். ஆனால் ஆட்சேபிக்க உரிமை இல்லை என்பதும் தெரியும் என்றேன்.

ஒன்று இருபதுக்கு அதிகாரி ஜன்னல் வழியாக, "நேரம் முடிஞ்சுது" என்று கூப்பிட்டுச் சொன்னார். படிக்கட்டில் ஆறு கல். அண்ணன் இறங்கி, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நொண்டி நொண்டி இரண்டு அடி நடந்தார்.

"சொல்லுங்க தம்பி. பழைய உயரத்துக்கு ஏத்திட்டா முழங்கால் சரியாகிடும். மணிக்கட்டும் கழுத்தும்தான் போகும். எது வேணும்?"

"அக்கா, நான் கப்பல்ல எஞ்சினுக்குக் கீழ மூணரை வருஷம் குனிஞ்சே நின்னவன்" என்றார் அண்ணன். "நேத்து பஸ் ஸ்டாண்டுலேர்ந்து வீடுவரைக்கும் இதுல பின்னாடி உட்கார்ந்து வந்தேன். எங்கயும் வலிக்கல."

டேப்பக்கா குனிந்து ஆறு கல்லையும் பொறுக்கிப் படிக்கட்டுக்குக் கீழே போட்டார். நாடாவைக் கழுத்தில் சரிசெய்துகொண்டார். அண்ணன் உள்ளே வந்து, புகாரைத் திரும்பப் பெறுவதாக இரண்டு வரி எழுதிக் கையெழுத்திட்டார். டேப்பக்காவிடம் என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவர், "பரவால்ல, பெஞ்சுதான் கொஞ்சம் வலிச்சுது. இதுக்கும் ஒரு ஜெல் போடலாம்" என்று சொன்னது கேட்டது. சனிக்கிழமை வேலை ரத்து என்று இருவரும் பேசிக்கொண்டார்கள். மின்னலை மட்டும் டேங்கில் வெளியே தெரிகிற மாதிரி ஒட்டித்தர வேண்டும் என்று அண்ணன் கேட்டிருக்கிறார். கோணலாகத்தான் என்றும். எனக்குச் சம்மதம்.

இதுவரை எழுதியது எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. இரண்டு திருத்தம் சொன்னேன்: ஏரிக்கரை வழி பதினான்கு அல்ல, பதினாறு கிலோமீட்டர். லாரி குறுக்கே நின்ற இடத்தில் நான் ஹாரன் அடிக்காதது பொறுமையால் அல்ல என்பது தெளிவாக இருக்க வேண்டும். இரண்டும் இங்கே குறித்துக்கொள்ளப்பட்டன.

அண்ணன் அம்மாவின் ஹெல்மெட்டைப் பாதித் தலையில் மாட்டிக்கொண்டு பின்சீட்டில் ஏறி உட்கார்ந்திருக்கிறார். சாவியை நான் வண்டியிலேயே போட்டுவைத்திருக்கிறேன். வாக்குமூலத்தின் கடைசி வரிகள் எழுதப்படும்போது வெளியே விட்டுவிட்டுக் கேட்கும் சத்தம், அவர் பின்னாலிருந்து கையை எட்டி அடிக்கிற ஹாரன். அது பழைய ஹாரன்தான். மாற்றவில்லை.

சொன்னது அனைத்தும் நடந்தது நடந்தபடி. கூட்டவில்லை, இந்த முறை குறைக்கவும் இல்லை. வாசித்து, ஒப்புக்கொண்டு, அவசரமாகக் கையெழுத்திடுகிறேன்.

(கையொப்பம்)
பகல் ஒன்று நாற்பது